அதிகாரியின் வாய்மை

பைக்காரா நீர்மின் நிலையம் 1932இல் மின்சாரம் தரத் தொடங்கியது. அத்தகைய நிலையத்தின் அணையில் நீர் எவ்வளவு, எந்திரம் ஏன் நின்றது என்று சட்டமன்றக் குழு கேட்டால் அதிகாரி ஒளிக்காமல் சொல்லியாக வேண்டும். ‘கொள்கையே சரியா?’ என்று கேட்டால்தான் அறச்சிக்கல்.

கொள்கைக்குப் பொறுப்பு அமைச்சர். அதன் காரணங்களை விளக்குவதோடு அதிகாரி நிற்பதே முறை. அந்த முறை பொய்க்குத் திரையாகக் கூடாது.

முந்த்ரா நிறுவனப் பங்குகளை எல்.ஐ.சி. வாங்கிய விவகாரத்தை விசாரித்த சாக்ளா ஆணையத்தின் முன், அமைச்சர் ஒப்புதல் தந்தார் என்றார் நிதித்துறைச் செயலர் எச்.எம். பட்டேல், நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி மறுத்தார். செயலரின் செயலுக்கும் அமைச்சரே பொறுப்பு என்றது ஆணையம். 1958 பிப்ரவரியில் டி.டி.கே. விலகினார்.

மன்னன் கேளாவிட்டாலும் நல்லதை எடுத்துச் சொல்வது அமைச்சனின் கடமை என்கிறது குறள். அந்தத் துணிவை அதிகாரிகள் முதலில் கோப்பில் காட்டட்டும். குழு கேட்கும் ஆவணத்தை மறைக்கும் உரிமை அவர்களுக்கில்லை. நாட்டின் பாதுகாப்பையோ நலனையோ காட்டி மறுக்க, மக்களவைக் குழுக்களுக்கான விதி 270 அரசுக்கே இடம் தருகிறது.