கடல் காணாத பிள்ளைகளும் கடலின் துயரும்

கோவைக்கு அருகிலுள்ள நம் பங்கின் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில், அண்மையில் முட்டை ஓடொன்றை வினிகரில் இட்டுக் காட்டினோம். குமிழிகள் எழுந்தன, ஓடு சிறிது சிறிதாகக் கரைந்தது. சங்கும் சிப்பியும் பவளமும் தம் கூட்டைக் கட்டிக்கொள்வது இதே சுண்ணாம்புப் பொருளால்தான் என்று விளக்கினோம். கடல் வினிகராகிவிடவில்லை என்பதையும் சேர்த்தே சொன்னோம். நல்ல நோக்கத்திற்காக மிகைப்படுத்தினாலும் அது பொய்யே அன்றோ?

மனிதர் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைக் கடல் உறிஞ்சிக்கொள்கிறது. அது நீருடன் சேர்ந்து அமிலமாகிறது. தொழிற்புரட்சிக்கு முன் ஏறத்தாழ 8.2 ஆக இருந்த கடல் மேற்பரப்பின் பி.எச். அளவு இன்று 8.1 ஆகிவிட்டது. கடல் இன்னும் காரத்தன்மை உடையதே. எனினும் இச்சிறு இறக்கம், அமிலத்தன்மை ஏறத்தாழ 30 விழுக்காடு கூடியதைக் குறிக்கும். ஓடு கட்டத் தேவையான கார்பனேட் அதனால் குறைகிறது. 2016ஆம் ஆண்டின் வெப்பத்தில் வெளிறிய மன்னார் வளைகுடாப் பவளங்களுக்கு இது மேலும் ஒரு சுமை.

அப்போது ஒரு மாணவன் எழுந்தான்: "ஃபாதர், நாங்க கடலையே பாத்ததில்லீங்க. எங்க மேல என்னங்க தப்பு?"

நேர்மையான கேள்வி. சாவான பாவத்திற்கு முழு அறிவும் முழுச் சம்மதமும் வேண்டும் என்பது திருச்சபையின் போதனை. அப்பிள்ளையிடம் இரண்டும் இல்லை. ஆகவே அவன் குற்றவாளி அல்லன். ஆனால் குற்றம் வேறு, பொறுப்பு வேறு. அறிந்த நாளில் பொறுப்பு பிறக்கிறது.

கொங்கு மக்களுக்கு இது புதிதன்று. திருப்பூரின் சாயக்கழிவு நொய்யலில் ஓடி ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. கீழே இருந்த உழவரின் நிலமும் கிணறும் கெட்டன. அவர்கள் நீதிமன்றப் படியேறினர். 2011இல் சென்னை உயர்நீதிமன்றம் சாய ஆலைகளை மூட ஆணையிட்டது. கடலுக்கு நாம் இழைக்கும் தீங்கோ ஆற்றின் வழி மட்டும் செல்வதன்று. காற்றின் வழியாகவும் செல்கிறது. பவளம் வழக்குத் தொடுக்க இயலாது. அதன் சார்பில் பேசவேண்டியது நம் மனச்சான்றே. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'லௌதாத்தோ சீ' திருமடலும் கடல் அமிலமாதலைக் குறிப்பிடுகிறது.

எனினும் பெரியோரின் சுமையைச் சிறுவர் தோளில் ஏற்றுவது கல்வியாகாது. கற்பிப்பவரே அதனை முதலில் சுமக்கவேண்டும். நம் ஆலயத் திருவிழாவில் ஜெனரேட்டர் இரவெல்லாம் ஓட, சீரியல் விளக்குகள் விடியுமட்டும் எரிகின்றன. ஆண்டுதோறும் அதற்கு இசைவளித்தவர் நாமே. இவ்வாண்டு அதனைப் பாதியாகக் குறைக்கலாம் எனப் பங்குப் பேரவையில் கேட்டோம். விழாவின் பொலிவு போய்விடும் என்று சிலர் வருந்தினர். அவர்கள் வருத்தம் நமக்குப் புரிகிறது. இதனால் மட்டும் பவளம் பிழைத்துவிடாது என்பதும் தெரியும். ஆயினும், அறிந்தபின் வாளாவிருந்துவிட்டு அறியாதவரின் மன்னிப்பை நாம் கோர இயலாது.

அம்மாணவனுக்கு நாம் இன்னும் முழு விடை கூறவில்லை. வரும் திருவிழா இரவில் ஆலய முற்றத்தைப் பார்த்து அவன் அறிந்துகொள்வான்.