உள்ளங்கைப் பொட்டலம்

1966-ஆம் ஆண்டு. பிராக் விமான நிலையம். செக்கோஸ்லோவாக்கியாவுக்கு வந்து திரும்பும் ஆஸ்திரேலிய ஓட்டக்காரர் ரான் கிளார்க்கை வழியனுப்ப செக் ஓட்டக்காரர் எமில் ஸாட்டோபெக் தாமே வந்திருந்தார். கைகுலுக்கும்போது சிறு பொட்டலம் ஒன்றை கிளார்க்கின் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். கெடுபிடி மிகுந்த நாடு அது. வெளியே யாருக்கோ சேர்க்க வேண்டிய ரகசியம் என்று எண்ணிய கிளார்க், வாய் திறக்காமல் வாங்கிக்கொண்டார். பிறகு பிரித்துப் பார்த்தால் உள்ளே தங்கப் பதக்கம். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓட்டத்துக்காக ஸாட்டோபெக் வாங்கியது.

இதைப் பெருந்தன்மை என்பார்கள். எனக்கு அந்தச் சொல் போதவில்லை. தன்னுடையதைப் பிறருக்குக் கொடுப்பது பெருந்தன்மை. ஸாட்டோபெக், கிளார்க்குக்கு உரியது என்று தாம் நம்பியதை அவரிடமே சேர்த்தார். ஊர் எழுதிவைத்த கணக்கில் ஒரு பிழை இருப்பதாக அவருக்குப் பட்டது. தம் கையில் இருந்ததைக் கொண்டு அதைத் திருத்தினார்.

அந்தக் கணக்கைப் பாருங்கள். 1965 ஜூலையில், மூன்று மைல் தூரத்தை 13 நிமிடத்துக்குள் ஓடிய முதல் மனிதரானார் கிளார்க். அது லண்டனில். நான்கே நாள் கழித்து ஆஸ்லோவில் 10,000 மீட்டரை 27 நிமிடம் 39.4 நொடியில் முடித்தார். பழைய உலக சாதனையும் அவருடையதுதான். அதைவிட 36 நொடி குறைவு. 25 சுற்று ஓட்டத்தில் அது அரைச் சுற்றுக்கும் மேல். ஆனால் ஒலிம்பிக் தங்கம் ஒன்றுகூட அவருக்குக் கிடைக்கவில்லை. 1964 டோக்கியோவில் 10,000 மீட்டரில் வேகத்தைக் கூட்டிக் கூட்டி எல்லோரையும் இழுத்துக்கொண்டு ஓடினார். கடைசிச் சுற்றில் அமெரிக்கர் பில்லி மில்ஸும் துனீசியாவின் கமூதியும் முந்திக்கொண்டார்கள். அவருக்கு வெண்கலம். முன்னே ஓடுபவன்தான் காற்றை மார்பில் வாங்குகிறான். பின்னால் வருபவர்களுக்கு அவன் முதுகு மறைப்பு. பதக்கப் பட்டியலில் இதற்கு இடமில்லை. ஹெல்சிங்கியில் எட்டே நாளில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், அதற்குமுன் ஓடியே இராத மாரத்தான் மூன்றிலும் வென்ற ஸாட்டோபெக்குக்கு அந்தக் காற்றின் கனம் தெரியும்.

கிளார்க்குக்கு இப்படியொரு மரியாதை முன்பும் கிடைத்ததுண்டு. 1956 மார்ச், மெல்போர்ன், ஒரு மைல் தேசியப் போட்டி. பத்தொன்பது வயது கிளார்க் மூன்றாம் சுற்றில் கால் இடறி விழுந்தார். பின்னால் வந்த ஜான் லாண்டி அவரைத் தாண்டிக் குதிக்கையில் காலணி ஆணி கிளார்க்கின் கையைக் கிழித்தது. மைலை நான்கு நிமிடத்துக்குள் ஓடிய இரண்டாவது மனிதர் லாண்டி; அவர் என்ன வேகத்தில் ஓடப்போகிறார் என்று பார்க்கத்தான் கூட்டம் வந்திருந்தது. அவர் நின்றார். திரும்பி வந்தார். பையனுக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகே மற்றவர்களைத் துரத்தினார். வென்றும்விட்டார். வெல்லாமல் போயிருந்தாலும் அவர் அப்படித் திரும்பி வந்தது எனக்குப் பெரிதுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளி விளையாட்டு விழாவுக்குப் போயிருந்தேன். பெண்களுக்கான 1,500 மீட்டர். முதல் மூவர் வந்ததும் ஒலிபெருக்கி அவர்கள் பெயரைச் சொல்லத் தொடங்கிவிட்டது. பரிசளிப்புக்காக நாற்காலிகளைச் சுண்ணாம்புக் கோட்டின் மேலேயே போட்டார்கள். அப்போது வெறுங்காலோடு ஒரு சிறுமி கடைசிச் சுற்றில் வந்துகொண்டிருந்தாள். நாற்காலி வரிசையைச் சுற்றிக்கொண்டு ஓடி, கோடு எங்கே என்று தேடினாள். இரண்டாவதாக வந்த பெண் மட்டும் மேடைக்குப் போகாமல் அங்கே நின்றிருந்தாள். தன் காலால் கோட்டைக் காட்டினாள். பெரியவர்கள் நாங்கள் எல்லோரும் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அதை இன்றும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. ஓடியவளின் பாடு ஓடியவளுக்குத்தான் தெரிந்தது.

1968. மெக்சிகோ நகரம் கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரம். மெல்லிய காற்றில் 10,000 மீட்டரில் ஆறாவதாக வந்து சுருண்டு விழுந்த கிளார்க்குக்கு ஆக்சிஜன் கொடுத்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் சோவியத் டாங்கிகள் பிராகுக்குள் நுழைந்திருந்தன. நாட்டில் தொடங்கியிருந்த அரசியல் சீர்திருத்தத்தின் பக்கம் வெளிப்படையாக நின்ற ஸாட்டோபெக் ராணுவப் பதவியையும் கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினர் தகுதியையும் இழந்தார். பின்னாளில் நெருக்கடிக்குப் பணிந்து சொன்ன சொல்லைத் திரும்பப் பெறவும் நேர்ந்தது. வீட்டைவிட்டு விலகி, பூமியைத் துளையிடும் தொழிலாளர் குழுவோடு ஊர் ஊராய்ப் போய்ச் சில ஆண்டுகள் உழைத்தார். அவர் வென்ற நான்கு ஒலிம்பிக் தங்கங்களில் ஒன்று அப்போது கடல் கடந்து, மெக்சிகோவில் விழுந்து எழுந்தவரிடம் இருந்தது.