கூண்டுப் பறவையும் ஐயாற்று மீனும்

கிறிஸ்டோபர் நோலன் இயக்கி 2006-இல் வெளிவந்த ‘தி பிரஸ்டீஜ்’ படத்தைப் பார்த்தவர்கள் அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் லேசில் ஓய்வதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகள், லண்டன் மேடை, ஒருவரை ஒருவர் வீழ்த்தத் துடிக்கும் ஆஞ்சியர், போர்டன் என்ற இரண்டு மாயவித்தைக்காரர்கள். போர்டன் ஒருவனல்ல, இரட்டையர் என்று பாதியிலேயே கண்டுபிடித்துவிட்டதாக மகிழ்கிறவர்கள் உண்டு. விஞ்ஞானி நிகோலா டெஸ்லாவின் கருவி வந்ததும் படம் தங்களை ஏமாற்றிவிட்டது என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. கைவித்தையின் கதைக்குள் நிஜமான அதிசயத்தை நுழைத்தது முறையல்ல என்பது அவர்கள் கட்சி. இருவரில் யார் பெரிய கலைஞன் என்ற வழக்கும் இன்னும் தீரவில்லை.

எல்லாப் பேச்சும் ‘எப்படிச் செய்தான்’ என்பதையே சுற்றுகிறது. எனக்கோ படத்தில் வரும் ஒரு சிறுவன்தான் மனத்தை விட்டு அகலவில்லை. மேடையில் ஒரு பறவை கூண்டோடு மறைகிறது. அதைக் கொன்றுவிட்டார்கள் என்று அவன் அழுகிறான். போர்டன் உயிருள்ள பறவையைக் கையில் கொண்டுவந்து காட்டித் தேற்றுகிறான். பிள்ளை சமாதானமாகவில்லை; இதன் கூடப்பிறந்தது எங்கே என்று கேட்கிறான். அது மடங்கிவிடுகிற கூண்டு. ஒரு பறவை உள்ளேயே நசுங்கிப் போயிற்று, கையில் இருப்பது வேறொன்று. அத்தனை பேர் கைதட்டிய இடத்தில், காணாமல்போன உயிரைத் தேடியவன் அவன் ஒருவன்தான். ஞானத் தேடல் அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது என்று நான் நம்புகிறேன்.

காணாமல்போவது எப்போதும் பறவையாக இருப்பதில்லை. அதே படத்தில் சற்று நேரம் வந்துபோகும் சுங் லிங் சூ என்ற மாயவித்தைக்காரர், உண்மையில் வாழ்ந்த மனிதர். வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர். சீனராக வேடமிட்டு, மேடையில் ஆங்கிலமே பேசாமல் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தவர். 1918 மார்ச்சில் லண்டன் உட் கிரீன் அரங்கில், துப்பாக்கிக் குண்டைப் பிடிக்கும் வித்தை பிசகி, குண்டு நெஞ்சில் பாய்ந்தது. அப்போதுதான் மேடையில் அவர் வாயிலிருந்து ஆங்கிலம் வந்தது. சீனர் வேடத்துக்குள் இருந்த ராபின்சன் எங்கே என்று, பாவம், அதுவரை எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?

ஆதிசங்கரர் பிரம்மசூத்திர உரையில் ஒரு மாயவித்தைக்காரனைக் காட்டுகிறார். வாளும் கேடயமும் ஏந்திக் கயிற்றின் வழியே ஆகாயத்தில் ஏறுகிறவன் ஒருவன். அவன் வெறும் தோற்றம். உண்மையானவன் அசையாமல் தரையிலேயே நிற்கிறான். கூட்டத்தின் கண்கள் அத்தனையும் மேலே போய்விடுகின்றன. நம் வாழ்நாளும் பெரும்பாலும் அப்படித்தான் கழிகிறது. பதவி, பேர், துக்கம் என்று கயிற்றில் ஏறுகிறவனையே அண்ணாந்து பார்க்கிறோம். தரையில் நிற்பவனைத் தேட, அந்தச் சிறுவனைப் போலக் கைதட்டலை மறந்தவராக இருக்க வேண்டும்.

அப்படித் தேடியவர்கள் தவமிருந்ததாகச் சொல்லப்படும் கொல்லிமலைக்கும் மாயம் புதிதல்ல. பார்ப்பவரை மயக்கும் கொல்லிப்பாவையைச் சங்கப் பாடல்கள் பேசுகின்றன; இன்று அவளை எட்டுக்கை அம்மனாகக் கும்பிடுகிறார்கள். சித்தர்களான கோரக்கரும் காலாங்கியும் தவம் செய்ததாகச் சொல்லும் குகைகளும் அங்கே உண்டு. தவத்தில் கைகூடும் அணிமா முதலான எட்டுச் சித்திகளும் வழியில் வருபவை, அங்கேயே தங்கிவிடக் கூடாது என்பது பெரியவர்கள் சொல்லிவந்தது. இவற்றையெல்லாம்விட என்னைக் கட்டிப்போட்டது அறப்பளீஸ்வரர் கோயிலின் மீன் கதை.

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, மலைக்குள் இன்னும் போனால் அந்தக் கோயில். அருகே ஐயாறு ஓடுகிறது; அதுதான் கீழே ஆகாயகங்கை அருவியாக விழுகிறது. முன்பு யாரோ இந்த ஆற்று மீனைப் பிடித்து, அறுத்து, சமைத்தார்களாம். துண்டுகள் பொருந்தி, மீன் உயிர்பெற்று, துள்ளி ஆற்றுக்கே திரும்பிவிட்டதாம். லண்டன் மேடையில் ஒரு பறவை செத்து, இன்னொரு பறவை காட்டப்பட்டது. இந்தக் கதையில் அறுபட்ட அதே மீன்தான் நீந்திப் போகிறது. அந்தச் சிறுவன் இதைக் கேட்டிருந்தால் அழுகையை நிறுத்தியிருப்பான்.

ஆற்றங்கரையில் பொரியை வீசினால் மீன்கள் ஒன்றையொன்று முட்டித் தள்ளிக்கொண்டு வாய் திறந்து மேலே வருகின்றன. வந்தவர்களிடமும் இரண்டு கருத்து உண்டு. சிவமே மீனாக இருக்கிறது என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறார் ஒரு பாட்டி. கொதித்த மீன் எப்படிப் பிழைக்கும் என்கிறான் கூட வந்த பேரன். அவனுக்குப் பதில் சொல்லாமல் பொட்டலத்தில் மிச்சமிருந்த பொரியை அவன் கையில் கொட்டுகிறார் பாட்டி. அவனும் குனிந்து, ஓரத்தில் ஒதுங்கி நிற்கும் சின்ன மீனுக்குப் பார்த்துப் போடுகிறான்.