சிந்தனைத் துளி: கேட்டது போதும், செய்து பார்க்கட்டும்

கற்றதில் பெரும்பகுதி ஒரே நாளில் மறந்துபோகும். இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால் நிலைக்கும். ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் தன்னையே சோதித்து 1885-இல் எழுதியது இது. ஆனாலும் தொண்டு நிறுவனங்களின் இணையவழிப் பயிற்சிகள் பல இன்றும் நீண்ட சொற்பொழிவாகவே நடக்கின்றன.

தன்னார்வலர், வேலையும் வீடும் போக மிஞ்சிய நேரத்தில் வருகிறவர். அவருக்குப் பத்து நிமிடப் பாடம் போதும். குறைந்த டேட்டாவில் கைபேசியில் ஓட வேண்டும். களத்தில் எழும் கேள்வியோடு தொடங்குங்கள்: “பள்ளிக்கு வராத பிள்ளையின் அம்மாவிடம் முதலில் என்ன கேட்பீர்கள்?” பதிலை அவரே சொல்லிப் பார்க்கட்டும். அடுத்த வாரம் அதையே வேறு விதமாகக் கேளுங்கள். ஒரு மாதம் கழித்து, அவர் எத்தனை வீடுகளுக்குப் போனார் என்று பாருங்கள். உங்கள் பயிற்சிக்கான மதிப்பெண் அதுதான்.