கடுங்குளிரில் நின்ற மின்சாரம்: ஊழா, வினையா?

2021 பிப்ரவரி நடுவில் ஆர்க்டிக் குளிர்காற்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தை முழுவதுமாக மூடியது. 16ஆம் தேதி டாலஸில் வெப்பநிலை மைனஸ் 19 டிகிரி செல்சியஸுக்கு இறங்கியது. அதற்கு முந்தைய நாள் அதிகாலையிலேயே மின்நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கத் தொடங்கியிருந்தன. 60 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டிய மின்தொகுப்பின் அதிர்வெண் 59.3 வரை விழுந்தது. அந்நிலை மேலும் ஐந்து நிமிடம் நீடித்திருந்தால் தொகுப்பு முழுவதும் சரிந்திருக்கும். அதைத் தடுக்க, தொகுப்பை இயக்கும் எர்காட் அமைப்பு 20,000 மெகாவாட் வரை மின்வெட்டு செய்தது. 45 லட்சம் வீடுகளும் கடைகளும் இருண்டன. மாநில அரசின் கணக்குப்படி 246 பேர் இறந்தனர். உடல் விறைத்து இறந்தவர்கள் பலர். வீட்டுக்குள் கரியடுப்பு மூட்டியும், மூடிய கொட்டகையில் காரை ஓடவிட்டும் கதகதப்புத் தேடி, கார்பன் மோனாக்சைடு நஞ்சால் மாண்டவர்களும் உண்டு.

இத்தகைய துன்பத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்பது பழைய கேள்வி. இயற்கையால் நேரும் தீமை வேறு, மனிதர் செய்யும் தீமை வேறு என்று மேலை இறையியல் பிரித்தது. 1755 நவம்பர் 1 அன்று, புனிதர் அனைவர் திருநாளில், லிஸ்பன் நகரம் நிலநடுக்கத்தால் இடிந்தபோது அந்தப் பிரிவினையே ஆட்டம் கண்டது. படைக்கத்தக்க உலகங்களில் சிறந்தது இதுவே என்ற லைப்னிட்சின் கொள்கையை வோல்தேர் கவிதையில் கடுமையாக எதிர்த்தார். ரூசோ 1756இல் அவருக்கு எழுதிய கடிதத்தில் கேள்வியை வேறு பக்கம் திருப்பினார்: ஆறேழு மாடி வீடுகளை நெருக்கமாகக் கட்டியது இயற்கை இல்லையே என்றார். நிலம் நடுங்குவது இயற்கை. எத்தனை பேர் சாவார்கள் என்பதில் மனிதரின் முடிவுகளுக்கும் பங்கு உண்டு. டெக்சாஸை விளங்கிக்கொள்ள ரூசோவின் வழியே சிறந்தது.

அங்கே பனி விழும்போதே பழிபோடல் தொடங்கிவிட்டது. உறைந்த காற்றாலைகளே காரணம் என்று அரசியல்வாதிகள் சிலர் தொலைக்காட்சியில் பேசினர். ஒன்றிய ஆற்றல் ஒழுங்குமுறை ஆணையம் அந்த ஆண்டு நவம்பரில் வெளியிட்ட கூட்டறிக்கை வேறு கதையைச் சொன்னது. டெக்சாஸிலும் அண்டை மாநிலங்களிலும் நின்றோ தடுமாறியோ போன 1,045 மின் அலகுகளில் 58 விழுக்காடு இயற்கை எரிவாயுவில் ஓடுபவை. 27 விழுக்காடு காற்றாலைகள். நிலக்கரி அலகுகளும் நின்றன. அணுமின் நிலையம் ஒன்றில்கூட உணர்கருவிக் குழாய் உறைந்ததால் ஓர் அலகு நின்றது. எரிவாயுக் கிணறுகளும் குழாய்களும் உறைந்தன. வாயுவை உந்தும் கம்ப்ரசர்கள் சிலவற்றுக்கு, அவை இன்றியமையாதவை என்று பதிவு செய்யப்படாததால், மின்வெட்டே மின்சாரத்தை நிறுத்தியது. அதனால் வாயு குறைந்தது, வாயு குறைந்ததால் மின்சாரம் மேலும் குறைந்தது.

புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்குக் குறையே இல்லை என்று இதற்குப் பொருளாகாது. குளிர்கால இரவில் சூரியத் தகடு எதுவும் தராது. காற்று ஓய்ந்த நாளில் காற்றாலை சுழலாது. எரிபொருளைச் சேமித்து வைக்கலாம், வேண்டும்போது எரிக்கலாம் என்பது புதைபடிவ எரிபொருளின் உண்மையான வலிமை. ஆனால் அந்த வலிமை, குழாய் உறையாமல் இருக்கும்வரைதான். இறக்கையைச் சூடாக்கும் ஏற்பாடுள்ள காற்றாலைகள் ஸ்வீடன், பின்லாந்துக் குளிரிலும் ஓடுகின்றன. ஆகவே நம்பகம் எரிபொருளில் பிறவிக்குணமாக உறைவதில்லை. அது மனிதர் கொடுக்கும் வாக்கு. அந்த அறிக்கையின் மிகக் கசப்பான எண் இதைத்தான் காட்டுகிறது: உறைதலால் நின்ற நிகழ்வுகளில் 81 விழுக்காடு, அந்த அலகுகள் தாங்கும் என்று சொல்லப்பட்ட வெப்பநிலைக்குக் குளிர் இறங்கும் முன்பே நிகழ்ந்தவை.

இதுவரை நடந்தது இனியும் நடக்கும் என்பதற்குத் தர்க்கத்தில் உறுதி இல்லை என்று டேவிட் ஹியூம் காட்டினார். வருங்காலம் தெரியாது என்பது நியாயமான தயக்கம். டெக்சாஸுக்கு அந்தத் தயக்கமும் துணைநிற்காது. அங்கே 1989 டிசம்பரிலும் 2011 பிப்ரவரியிலும் குளிர் மின்நிலையங்களை முடக்கியிருந்தது. கருவிகளையும் குழாய்களையும் குளிர்காப்பு செய்ய வேண்டும் என்று 2011 நிகழ்வை ஆராய்ந்த அறிக்கை பரிந்துரைத்தது. பரிந்துரை கட்டாயமாகவில்லை. காப்புக்கு ஆகும் செலவு உறுதி, குளிர் வருவதோ ஐயம் என்ற கணக்கில் பத்தாண்டுகள் கழிந்தன.

2021 குளிரின்போது எரிவாயு வழங்குவோர் பலர், மனித ஆற்றலுக்கு மீறிய நிகழ்வு என்ற ஒப்பந்த விலக்கைக் கோரினர். மீறிய நிகழ்வுகள் உண்மையிலேயே உண்டு. திருக்குறள் ஊழுக்கு ஓர் அதிகாரம் தருகிறது. ஆள்வினையுடைமைக்கும் தனி அதிகாரம் தருகிறது. முன்னதைச் சொல்லிப் பின்னதைக் கைவிட அது இடம் தரவில்லை. ஊழின் எல்லை முயற்சி முடிந்த இடத்தில்தான் தொடங்கும். முயலாதவருக்கு அதைச் சொல்லும் உரிமை இல்லை.

துன்பம் சமமாகப் பங்கிடப்படவும் இல்லை. பகுதி பகுதியாகச் சுழற்சி முறையில் மின்சாரத்தை வெட்டுவதே திட்டம். மருத்துவமனை போன்றவை இருக்கும் மின்தடங்களை வெட்ட முடியாததாலும் பற்றாக்குறை அளவு கடந்ததாலும் சுழற்சி நின்றுபோனது. சில பகுதிகளில் விளக்கு அணையவே இல்லை. வேறு பகுதிகள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. மூச்சுக்கருவியை நம்பியிருந்த நோயாளிக்கும், காற்றுப் புகும் பழைய வீட்டில் இருந்த ஏழைக்கும் அந்த இருள் உயிர்ப்பிரச்சினை. ஒரு தொகுப்பின் நம்பகத்தைச் சராசரியால் அளப்பது போதாது. மிக நலிந்தவருக்கு அது என்ன செய்தது என்பதே அறத்தின் அளவுகோல்.

அதே மாநிலத்தின் மேற்கு மூலையிலுள்ள எல் பாசோ, 2011இன் பாடத்தை ஏற்று நிலையங்களைக் குளிர்காப்பு செய்திருந்தது. 2021இல் அங்கே குளிரும் சற்றுக் குறைவு. ஊர் எர்காட்டில் சேராமல் மேற்கு மாநிலங்களின் தொகுப்போடு இணைந்தது. ஆனாலும் காப்பின் பயன் தெரிந்தது: சில ஆயிரம் இணைப்புகள் மட்டும் சில நிமிடங்கள் மின்சாரம் இழந்தன. மின்நிலையங்களுக்குக் குளிர்காப்பைக் கட்டாயமாக்கும் சட்டத்தை டெக்சாஸ் 2021 ஜூனில் இயற்றியது. பாதிக்கப்பட்டோர் வழக்காடினர். எர்காட்டுக்கு அரசு அமைப்புக்குரிய வழக்கு விலக்கு உண்டு என்று மாநில உச்ச நீதிமன்றம் 2023 ஜூனில் தீர்ப்பளித்தது. அந்த ஆண்டு டிசம்பரில், தடையின்றி மின்சாரம் தரும் சட்டக் கடமை உற்பத்தி நிறுவனங்களுக்கு இல்லை என்று ஹூஸ்டனின் மேல்முறையீட்டு நீதிமன்றமும் கூறியது. சட்டத்தின் முன் இவர்கள் விலக்குப் பெற்றார்கள். தடுத்திருக்கக்கூடிய சாவுகளுக்கான அறப்பொறுப்பிலிருந்து அந்தத் தீர்ப்புகள் எவரையும் விடுவிக்கவில்லை.