ஆண்டவனைக் காக்க வையுங்கள்

என் நண்பர் ஒருவர் தினமும் காலையில் தெருமுனைப் பிள்ளையாரைத் தாண்டும்போது பைக்கை நிறுத்துவதில்லை. வேகத்தை மட்டும் குறைத்து, இடது கையால் கன்னத்தில் போட்டுக்கொள்வார். ஹெல்மெட்டுக்குள் கன்னம் எங்கே அகப்படும்? ஹெல்மெட்டைத்தான் தட்டுவார். கேட்டால், "எத்தனை வேலை இருந்தாலும் மனசு அவன்கிட்ட திறந்தே இருக்கணும் சார்" என்பார். கஷ்டத்திலும் அவசரத்திலும் மனக்கதவை ஆண்டவனுக்குத் திறந்து வையுங்கள் என்றுதான் பல மதங்களும் சொல்கின்றன. சரி, திறந்தே வைத்த ஒருவருக்கு என்ன ஆனது?

அன்னை தெரசா 1948இல் கல்கத்தாச் சேரிகளில் இறங்கினார். 1952இல் காளிகாட் காளி கோயிலை ஒட்டியிருந்த பழைய யாத்திரிகர் சத்திரத்தில், சாகக் கிடப்பவர்களுக்காக ஓர் இல்லம் தொடங்கினார். 1997இல் இறந்தார். பத்தாண்டு கழித்து அவருடைய அந்தரங்கக் கடிதங்கள் புத்தகமாயின. அழித்துவிடும்படி அவரே மன்றாடிய கடிதங்கள் அவை. சேரியில் வேலை தொடங்கிய காலத்திலிருந்தே உள்ளுக்குள் இருட்டு, ஜெபித்தால் பதில் இல்லை, கடவுள் இருக்கிறாரா என்றே சந்தேகம் என்று அவற்றில் எழுதியிருக்கிறார். 1958இல் சில வாரம் விலகிய இருட்டு மறுபடி வந்துவிட்டது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டு மௌனம்!

திருச்சபை இதற்குக் கலங்கவில்லை. 16ஆம் நூற்றாண்டு ஸ்பெயின் துறவி சிலுவை யோவான் சொன்ன 'இருண்ட இரவு' இதுதான், ஆழ்ந்த விசுவாசத்தின் அடையாளம் என்றார்கள். 2016இல் புனிதர் பட்டமும் தந்தார்கள். கடவுள் பேசினால் அது சாட்சி, பேசாவிட்டால் இன்னும் பெரிய சாட்சி. பூ விழுந்தாலும் தலை விழுந்தாலும் ஜெயிக்கிறவரோடு எப்படி விளையாடுவது?

எனக்குத் தோன்றுவது வேறு. மேலேயிருந்து ஒரு சொல்லும் வராத அந்த ஆண்டுகளிலும், தெருவில் கிடந்தவரைத் தூக்கி வந்து புண்ணைக் கழுவும் வேலை நிற்கவில்லை. அதற்குக் கடவுளின் குரல் தேவைப்படவில்லை.

இதைச் சொல்லி அவரைத் தூக்கிவைத்துக் கொண்டாடவும் நான் வரவில்லை. 1994இல் 'லான்செட்' மருத்துவ இதழின் ஆசிரியர் ராபின் ஃபாக்ஸ் அந்த இல்லத்தைப் பார்த்துவிட்டு எழுதினார். சுத்தம் இருக்கிறது, அன்பான கவனிப்பு இருக்கிறது, கடும் வலிக்குக் கொடுக்க வீரியமான வலிநிவாரணிதான் இல்லை என்பது அவர் குறை. பணமில்லாத இடமல்ல அது. துன்பத்தைத் தெய்வத்தின் கொடை என்று நம்புகிற இடத்தில் மாத்திரை தேடும் அவசரம் குறைந்துவிடுகிறது என்பது என் சந்தேகம். கடவுள் இருக்கிறாரா என்று தெரசா தடுமாறியதால் எந்த நோயாளிக்கும் நஷ்டமில்லை. துன்பம் புனிதமானது என்பதில் தடுமாறாமல் இருந்தாரே, அதற்குத்தான் நோயாளி வலி தாங்கினார்.

ஹெல்மெட் நண்பருக்கு வருவோம். ஊரிலிருந்து அப்பா போன் பண்ணினால், "மீட்டிங்ல இருக்கேன்ப்பா, அப்புறம் பேசறேன்" என்பார். ஒருமுறை நான் பக்கத்திலேயே இருந்தேன். மீட்டிங் எதுவும் இல்லை, டீ குடித்துக்கொண்டிருந்தோம். அந்த 'அப்புறம்' அன்றைக்கு வரவில்லை.

நேரம் பற்றாதவர்களுக்கு என் யோசனை இது: யாரையாவது காக்க வைத்துத்தான் ஆகவேண்டும் என்றால் ஆண்டவனைக் காக்க வையுங்கள். அவருக்கு வயது ஏறுவதில்லை. நண்பரின் அப்பாவுக்கு 78.