சிற்றிலும் சிதைப்பும்

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே பேருந்தில் சிறிது நேரப் பயணம்தான். ஞாயிறு பிற்பகல்களில் அந்தத் தொலைவைக் கடந்து மூவர், நமக்கு வேண்டிய ஒரு வீட்டுக்கு விளையாட வருவார்கள். ராஜபாளையத்தைச் சேர்ந்தவர்கள் இருவர். பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய அவ்வீட்டுப் பிள்ளை ஒருவன். அறுவரும் மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் அந்த ஆட்டம் நம் தலைமுறைக்குப் புதிது. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, அப்பாத்திரம் என்ன செய்யும் என்பதைச் சொல்லிக்கொண்டே போவார்கள்; செய்தது பலித்ததா இல்லையா என்பதை இருபது முகம் கொண்ட பகடை தீர்மானிக்கும். 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் உருவாக்கி வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' ஆட்டத்தின் வழிவந்தது இது. மேடையற்ற நாடகம் என்று கொள்ளலாம், பார்வையாளரும் இல்லை.

அவர்கள் படைத்த கதையில் கண்மாய் வறண்ட ஒரு மலையடிவாரச் சிற்றூர். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வரும் பள்ளி ஆசிரியை, தொலைந்துபோன தம்பியைத் தேடி அலையும் ஒரு கிழவியானார். மூன்று மாதங்களாக அந்தக் கிழவிக்கு ஊர், உறவு, பேச்சு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து வந்தார். ராஜபாளையத்து இருவருள் ஒருவர் பஞ்சாலைத் தொழிலாளி. இரவுப் பணி முடித்து, சிறிது கண்ணயர்ந்து எழுந்து வருபவர். அவருக்கு வேண்டியது சண்டையும் சிரிப்பும். ஒரு ஞாயிறன்று, தம்பியின் இருப்பிடம் அறிந்த ஒரே மனிதனை, முறைத்துப் பார்த்தான் என்பதற்காக அவருடைய வீரன் வெட்டிச் சாய்த்துவிட்டான். பகடையும் அவர் பக்கமே விழுந்தது. எல்லாரும் சிரித்தார்கள். ஆசிரியை தம் பகடையைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஐந்தரை மணிப் பேருந்துக்குப் புறப்பட்டார். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

கதை சொன்ன பிள்ளை நம்மிடம் வந்து கேட்டபோது, "விளையாட்டுத்தானே தம்பி, கொஞ்சம் அனுசரித்துப் போகச் சொல்" என்றோம். பெரியவர்களுக்கு எளிதில் வாய்க்கும் விடை. அன்றிரவு அது நம்மை உறுத்தியது. யாரை அனுசரிக்கச் சொன்னோம்? சிரித்தவர்களையா? சத்தமின்றி எழுந்துபோனவரையல்லவா! அனுசரிப்பு என்ற சொல் பெரும்பாலும் குரல் தாழ்ந்தவரின் வாசலில்தான் போய் நிற்கிறது. இதைக் குடும்பங்களிலும் கண்டிருக்கிறோம். பங்குப் பேரவைக் கூட்டங்களிலும் கண்டிருக்கிறோம்.

அந்த ஆசிரியையின் ஊரில் இவ்வழக்கு மிகப் பழையது. ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில் இரண்டாம் திருமொழி முழுவதும், தாங்கள் மணலில் கட்டிய சிற்றிலைச் சிதைக்க வேண்டாமென்று சிறுமியர் கண்ணனிடம் மன்றாடுவதாக அமைந்தது. பிள்ளைத்தமிழில் ஆண்பிள்ளைக்குச் 'சிற்றில்' ஒரு பருவமாகவே வகுக்கப்பட்டுள்ளது. அடியார்கள் இம்மன்றாட்டில் காணும் ஆழ்பொருளை அவர்களுக்கே விட்டு, வெளித்தோற்றத்தை மட்டும் நோக்குவோம். சிறுமியர் நாள் முழுவதும் குனிந்திருந்து கட்டினார்கள். அவனும் விளையாடத்தான் வந்தான். அவர்களுக்குக் கட்டுவது ஆட்டம், அவனுக்கு இடிப்பது ஆட்டம். இருவரும் ஒரே மணலில் நிற்கிறார்கள்.

ஹாலந்து நாட்டு வரலாற்றறிஞர் ஹுய்சிங்கா 1938-இல் வெளியிட்ட 'ஹோமோ லூடென்ஸ்' நூலில், கள்ள ஆட்டம் ஆடுபவனையும் ஆட்டத்தையே குலைப்பவனையும் வேறுபடுத்துகிறார். முன்னவன் விதியை மதிப்பதுபோல் நடிக்கவாவது செய்கிறான். பின்னவனோ ஆட்டத்தின் உலகையே உடைத்துவிடுகிறான். ஆகவே அவன்மீதுதான் கூட்டத்துக்குக் கடுங்கோபம். நல்ல பாகுபாடுதான். ஆனால் நம் பஞ்சாலை இளைஞர் இவ்விரண்டில் எதிலும் சேரமாட்டார். விதி எதையும் அவர் மீறவில்லை. தாம் ஆட வந்த ஆட்டத்தை முழுமனத்தோடு ஆடினார். அது மற்றவர் ஆடிய ஆட்டமன்று என்பதை அவருக்கு எவரும் சொல்லவில்லை.

நம் பாட்டிமார் தாயக்கட்டையை உருட்டுமுன் ஒரு சிறு பஞ்சாயத்து நடத்துவார்கள். வெட்டினால்தான் பழமா, வெட்டாமலும் உள்ளே போகலாமா? எந்த எண் விழுந்தால் மறு ஆட்டம்? தெருவுக்குத் தெரு வழக்கு மாறும் என்பதால் இந்த முன்பேச்சு. விதியைப் பேசிக்கொள்வது எளிது. ஏன் விளையாட வந்தோம் என்பதைப் பேசிக்கொள்வதோ கடினம். நமக்கே அது தெரியாமலும் இருக்கலாம்.

புனித தாமஸ் அக்குவினாஸ் விளையாட்டைப் பற்றிப் பேசுகிறார் என்பது நம்மில் பலருக்கு வியப்பளிக்கலாம். 'சும்மா தெயலோஜிக்கா' பெருநூலின் இரண்டாம் பாகத்தின் இரண்டாம் பகுதி, 168-ஆம் கேள்வியில், விளையாட்டிலும் ஒரு நற்பண்பு உண்டு என்கிறார். தானும் மகிழ்ச்சி தராமல், பிறர் மகிழ்ச்சிக்கும் தடையாயிருப்பவன் குற்றமுடையவன் என்றும் அங்கே காண்கிறோம். இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு போனால் நம் வழக்கில் இருவருமே வாதாடலாம்! என் மகிழ்ச்சியை அவர் வெட்டினார் என்பார் ஆசிரியை. அவர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு ஆட்டத்தைக் கெடுத்தார் என்பார் இளைஞர். ஆனால் புனிதர் இன்னொன்றும் சேர்க்கிறார்: விளையாட்டு ஆளுக்கும் காலத்துக்கும் இடத்துக்கும் பொருந்த வேண்டும். எதிரில் இருப்பவர் யாரென்று அறியாமல் பொருத்தம் பார்ப்பது எப்படி?

சந்தைவெளியில் அமர்ந்திருந்த பிள்ளைகளை ஆண்டவர் உவமையாக்கியது நினைவுக்கு வருகிறது. குழலூதியும் ஆடாதவர்கள், ஒப்பாரி வைத்தும் அழாதவர்கள்மேல் அப்பிள்ளைகளின் முறையீடு. உவமையின் கருத்து வேறு. எனினும், எதிர்ப்புறத்தாரிடம் என்ன விளையாடலாம் என்று எவரும் முதலில் கேட்டதாக அங்கே சொல்லப்படவில்லை.

இவ்வகை ஆட்டத்தில் பழகியவர்கள், கதை தொடங்குமுன் பகடையைத் தொடாமல் ஓர் அமர்வு வைப்பதுண்டாம். 'பூச்சிய அமர்வு' என்று பெயர். யாருக்கு என்ன வேண்டும், எதைத் தொடக்கூடாது என்று பேசிக்கொள்வார்கள். நம் பிள்ளை அதைப் பிந்தியேனும் நடத்தினான். ஆசிரியை வந்தார். முதலில் நெடுநேரம் மௌனம். பிறகு பஞ்சாலை இளைஞர், "ராத்திரி பூரா மெஷின் முன்னால நிக்கிறேன்க்கா. இங்கயாவது நான் சொன்னா ஒருத்தன் விழட்டுமேன்னு இருந்துச்சு" என்றார். அப்போது எவரும் சிரிக்கவில்லை. தாம் ஏன் தம்பியைத் தேடும் கிழவியானார் என்பதை ஆசிரியை சொல்லவில்லை. எவரும் கேட்கவும் இல்லை.

ராஜபாளையத்து இன்னொருவர், தமக்கு இவ்விரு வகையும் ஒத்துவராது என்று கைகுலுக்கி விடைபெற்றார். அதிலும் குறையொன்றும் நாம் காணவில்லை. எஞ்சியவர்கள் இரண்டு ஞாயிறு நெடுங்கதை, மூன்றாம் ஞாயிறு சண்டை என்று வகுத்துக்கொண்டார்கள். வெட்டுண்டவனை உயிர்ப்பித்துவிடலாமா என்று பிள்ளை கேட்டபோது ஆசிரியை வேண்டாமென்றார். கதையில் கிழவியும் அந்த வீரனும் இப்போது ஒரே பாதையில் நடக்கிறார்கள். கிழவி அவனோடு இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஐந்தரை மணிப் பேருந்துக்கு மட்டும் அந்த இளைஞர் நிறுத்தம் வரை கூட வந்து, ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் மூவரையும் ஏற்றிவிட்டுத் திரும்புகிறார்.